அக்கா வரும்வரை பெருக்காதே

நியூ ஜெர்சி, கடற்கரை விடுதி
9 ஜூன் 1999

அன்பு அம்மாவுக்கும் தோன்யாவுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாளா, இல்லை பக்கத்து வீட்டுக் கிளாவா அத்தையின் பீட்ரூட் சாற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாளா?

எங்கள் கல்லூரியிலிருந்து கோடை விடுமுறை வேலைக்கு வந்த ஆறு பேரையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. முதலாளியின் பெயர் டோரீன். அம்மாவை விட மூத்தவள். பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறாள். எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. அதனால் எதிரே போய் நின்று இருமுகிறேன்.

முதல் நாளே தப்பு செய்துவிட்டேன். ஒரு குடும்பம் அறையைக் காலி செய்து காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

“ஏன் கண்ணு நிக்கிறே? ரூம் முடிஞ்சுதா?” என்றாள் டோரீன்.

“இல்ல. அவங்க இன்னும் கிளம்பல.”

“அதனால?”

“இப்பவே பெருக்கினா வழியில அவங்களுக்கு ஆகாது. அப்புறம் திரும்பி வரவே மாட்டாங்க.”

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “கண்ணு, அவங்க திரும்பி வரணும்னா தரை சுத்தமா இருக்கணும்!”

தோன்யா, செப்டம்பர் இருபதாம் தேதி வந்துவிடுவேன். பிறகு நீயும் என்னோடு என் கல்லூரி இருக்கும் இவானோவோவுக்கு வருகிறாய். மாலைப் பள்ளியில் சேருகிறாய். ஒன்பதாம் வகுப்போடு நீ நின்றது நான் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதை நான் மறக்கவில்லை. எனக்கு அது கடைசி ஆண்டு, உனக்கு முதல் ஆண்டு. சரியா?

இருவரையும் இறுகக் கட்டிக்கொள்கிறேன்.

ரிம்மா


கினேஷ்மா, ரஷ்யா
28 ஜூன் 1999

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அம்மா அதை மூன்று பேருக்குப் படித்துக் காட்டிவிட்டாள்.

ரொட்டித் தொழிற்சாலையில் என்னை எடை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ கிளம்பிய அன்றிலிருந்து வாசலுக்கும் உன் கட்டிலுக்கும் நடுவே துடைப்பம் படவில்லை. அன்று மழை பெய்ததல்லவா? உன் ஷூவின் சேற்றுத் தடம்கூட அப்படியே இருக்கிறது. மற்ற வீடுகளில் போனவர் ஊர் போய்ச் சேரும்வரைதான் பெருக்கமாட்டார்கள், நீ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. அப்பா வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கிளம்பிய அன்று, பேருந்து தெருமுனை திரும்புவதற்குள் பெருக்கிவிட்டாளாம், அதனால்தான் அவர் திரும்பி வரவில்லையாம். இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “ரிம்மா இந்த வாசப்படியை மிதிக்கற வரைக்கும் பெருக்காதே” என்கிறாள்.

கிளாவா அத்தை நேற்று வந்து எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, உங்க வீட்டு நடையில உருளைக்கிழங்கே நடலாம் போலிருக்கே! அமெரிக்காக்காரி வர்றதுக்குள்ள தோண்டியே எடுத்துடலாம்.”

“நடு, நடு. உனக்கும் ஒரு மூட்டை தர்றேன். துடைப்பத்தை மட்டும் தொட்டே, தெரியும் சேதி” என்றாள் அம்மா.

அக்கா, மாலைப் பள்ளியில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பேசச் சொல்வார்களா? எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஒரு பை வாங்கியிருக்கிறேன். பச்சை நிறம். உன் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அம்மா கீழே எழுதுகிறாளாம்.

உனக்கு என் முத்தங்கள்.

தோன்யா

ரிம்மோச்கா, வெயிலில் தொப்பி போடு. கடலில் இடுப்புக்கு மேலே போகாதே. எனக்கு ஒன்றுமில்லை. பீட்ரூட் சாறு நன்றாகத்தான் கேட்கிறது. டாக்டருக்குக் கிளாவா எவ்வளவோ மேல். அம்மா.


நியூ ஜெர்சி
10 ஜூலை 1999

அன்பு அம்மா, தோன்யா,

எனக்குச் சுகம்தான், கைதான் சோப்புத் தண்ணீரில் உரிந்துபோயிருக்கிறது. உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

இங்கே ஒரு கிழவர் ஒரு வாரம் தங்கியிருந்தார். காலி செய்துவிட்டுப் போனவர் மூக்குக்கண்ணாடியை மறந்து திரும்பி வந்தார். எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஐயா, பாதி வழியில திரும்பி வந்திருக்கீங்க. கண்ணாடியில ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுப் போங்க.”

“ஏம்மா, மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?”

“ஒண்ணுமில்ல. பாக்காமப் போனா பயணம் சரியா வராது.”

அவர் பார்த்தார். தலையைச் சீவிக்கொண்டார். கிளம்புமுன் நம் வழக்கப்படி உட்காரச் சொன்னேன், ஒரு நிமிடம் கட்டிலில் பேசாமல் உட்கார்ந்தார். “என் சம்சாரம் போனதுக்கப்புறம் என்னை யாரும் இப்படி அதட்டினதில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். டோரீனுக்கு இதெல்லாம் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் அறைகள் எப்போதும் தாமதம். “நீ நல்ல பொண்ணு. ஆனா மெதுவா செய்யற நல்ல பொண்ணு” என்கிறாள்.

இங்கே யாரைக் கேட்டாலும் பிரமாதமாக இருக்கிறேன் என்கிறார்கள். வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு முந்தாநாள் நிச்சயதார்த்தம் முறிந்துபோனது. அன்று காலையிலும் சிரித்துக்கொண்டே “பிரமாதம்” என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நம் வீட்டில் அப்படி இல்லை. மோசம் என்றால் மோசம் என்று சொல்லிவிடுவோம். அதனால்தான் நீங்கள் ‘நலம்’ என்று எழுதினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

முத்தங்கள். தோன்யா, வெள்ளரிக்காய்க்குத் தண்ணீர் ஊற்று.

ரிம்மா


கினேஷ்மா
14 ஜூலை 1999
(அனுப்பாதது)

அக்கா,

அம்மா திங்கட்கிழமை தோட்டத்தில் விழுந்துவிட்டாள். வெள்ளரிப் பாத்தியில். நான் வாளியோடு திரும்பி வந்தபோது பக்கவாட்டில் படுத்திருந்தாள். ஏதோ தேடுகிறாள் என்று நினைத்தேன். “என்னம்மா தேடறே?” என்றுகூடக் கேட்டேன்.

வலது கையும் வலது காலும் அசையவில்லை. வாய் கோணிவிட்டது. பக்கவாதம் என்றார்கள். டாக்டர் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே பேசினார். “வயசு என்னவோ அம்பதுதான். ரத்தக்குழாய்க்கு எழுபது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கோ. இன்னொரு தடவ வந்தா எங்க கையில ஒண்ணுமில்ல.” எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

உனக்கு எழுதக் காகிதம் எடுத்தேன். அம்மா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. “ரிம்மாக்கு... வேண்டாம். தூரத்துல... இருக்கா. என்ன... செய்வா.” சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. அவளைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்குத் தெரியவில்லை அக்கா. வலிக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்கிறாள், இல்லை என்றும் சொல்கிறாள்.


கினேஷ்மா
16 ஜூலை 1999

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீயும் நலமாக இரு.

வெள்ளரிக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஜாடிகளில் போடத் தொடங்கிவிட்டோம். சோம்புக்கீரை இந்த வருடம் சரியில்லை.

அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை கீழே எழுதவில்லை. உன்னை முத்தமிடச் சொன்னாள். நீ எப்போது வருகிறாய் என்று கேட்டாள். இருபதாம் தேதி என்று சொன்னேன். அந்தத் தேதி மாறாதல்லவா?

தோன்யா


நியூ ஜெர்சி
4 ஆகஸ்ட் 1999

அன்பு அம்மா, தோன்யா,

நான் மிக நன்றாக இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. அம்மாவுக்கு இங்கிருந்து நல்ல கண்ணாடிச் சட்டம் வாங்கி வரட்டுமா? சோம்புக்கீரையைத் தவிர எல்லாம் நலம் என்று டோரீனிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். சோம்புக்கீரைக்காக ரொம்ப வருத்தப்பட்டாள்.

இப்போது நான்தான் விடுதியில் எல்லாரையும் விட வேகம். விருந்தாளியின் பெட்டி நடையில் இருக்கும்போதே உள்ளே புகுந்துவிடுகிறேன். நேற்று ஒரு பையனின் காலுக்கு அடியிலேயே பெருக்கினேன், அவன் குதித்துக் குதித்து வழிவிட்டான். ராத்திரி படுக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவிடம் படிக்கும்போது இந்த இடத்தை விட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை டோரீன் தன் அம்மாவைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனாள். முதியோர் இல்லம். கிழவிக்கு ஒரு பலூன் வாங்கிப் போனாள். திரும்பும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “பெத்த அம்மாவ வெளியாளுங்க கையில விட்டுட்டு உங்களுக்குத் தூக்கம் வருதா?”

அவள் கோபப்படவில்லை. “வருது, கண்ணு. அவங்களுக்கு அவங்க வாழ்க்கை, எனக்கு என் வாழ்க்கை. நான் வீட்லயே உக்காந்திருந்தா எங்கம்மாவே என்னைத் திட்டுவா.” அன்று எனக்கு அது கொடுமையாகப் பட்டது. இப்போது அவ்வளவாகப் படவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை கிளாவா அத்தையின் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். உங்கள் மாலை நேரம். அம்மாவை அங்கே வந்து உட்காரச் சொல். இந்தக் கடிதம் பிந்தி வந்தால் என்ன, அத்தை ஓடி வந்து கூப்பிடுவாள்.

ரிம்மா


கினேஷ்மா
15 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம்.

நீ பேசியபோது நான் சரியாகப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். தொலைபேசியில் எனக்கு எப்போதும் அப்படித்தான், உனக்குத் தெரியும். நீ ஒரு முறை பேசியதும், அதே சொல் எதிரொலியாகத் திரும்பவும் கேட்டது. எதற்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நீ “அம்மா எங்கே?” என்று கேட்டாய். தோட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். “இந்த நேரத்திலா?” என்றாய். வெள்ளரிக்காய் என்றேன். நீ சிரித்தாய். கிளாவா அத்தை பின்னால் நின்று என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள். “சொல்லுடி, ஊமை! இப்பச் சொல்லாம எப்பச் சொல்லப் போறே?” நீ அது என்ன சத்தம் என்றாய். அத்தை இருமுகிறாள் என்றேன்.

பிறகு நீ “தோன்யா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாய். நானும் அதையேதான் சொல்ல வந்தேன். அப்புறம் நீ, “சரி, எழுதறேன்” என்றாய். இணைப்பு போய்விட்டது.

என்ன சொல்ல வந்தாய்?

அம்மாவிடம் நீ பேசியதைச் சொன்னேன். உன் குரல் எப்படி இருந்தது என்று கேட்டாள். தெளிவாக இருந்தது என்றேன்.

தோன்யா


நியூ ஜெர்சி
24 ஆகஸ்ட் 1999

என் தோன்யா,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். முதலில் நீ படி.

நான் செப்டம்பரில் வரவில்லை. தெற்கே டோரீனின் தங்கை ஒரு விடுதி வைத்திருக்கிறாள். குளிர்காலத்துக்கு ஆள் வேண்டுமாம். ஒரே ஒரு குளிர்காலம். விசா அதற்கு இடம் கொடுக்காது, தெரியும். இங்கே நிறையப் பேர் அப்படி இருக்கிறார்கள். கல்லூரியில் ஓராண்டு விடுப்பு கேட்டு எழுதிவிட்டேன். என் கடைசி ஆண்டும் உன் மாலைப் பள்ளியும் அடுத்த ஆண்டு. பள்ளி எங்கும் ஓடிப்போகாது.

“உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு முதல்ல” என்றாள் டோரீன். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். பதிலே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. உனக்குப் புரிகிறதா? அம்மா திடமாக இருக்கிறாள், நீ பக்கத்தில் இருக்கிறாய். வீட்டில் யாருக்காவது ஒன்று என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்கமாட்டேன், நீந்தியாவது வந்துவிடுவேன்.

அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

இந்த விடுதி செப்டம்பர் முதல் வாரத்தில் மூடிவிடும். இங்கே எழுதாதே. போய் இறங்கியதும் முகவரி அனுப்புகிறேன்.

என்மேல் கோபமா? உன் பச்சைப் பையை ஆணியிலிருந்து எடுக்காதே.

ரிம்மா


கினேஷ்மா
13 செப்டம்பர் 1999

அக்கா,

இங்கே எழுதாதே என்று சொன்னாய். வேறு எங்கே எழுதுவது என்று தெரியாததால் அந்த விடுதிக்கே எழுதுகிறேன். டோரீன் உனக்கு அனுப்பிவைப்பாள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் நலமில்லை. அம்மாவுக்கு ஜூலையில் பக்கவாதம் வந்தது. சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது சொல்லிவிட்டேன். எழுந்து உட்கார முடியவில்லை. நான் வேலைக்குப் போகும்போது கிளாவா அத்தை வந்து இருக்கிறாள். அவளுக்கும் முதுகு வலி.

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உரக்கப் படித்தேன். அதில் இல்லாததைப் படித்தேன். ‘இருபதாம் தேதி வருகிறேன், முட்டைக்கோஸ் பணியாரம் வேண்டும்’ என்று படித்தேன். அம்மா பாதி வாயால் சிரித்து அடுப்பைக் காட்டினாள். மாவு இருக்கிறதா என்று கேட்கிறாள். கிளாவா அத்தையிடம் மட்டும் நீ எழுதியதைச் சொன்னேன்.

அஞ்சலகப் பெண்ணிடம், “இது போய்ச் சேருமா?” என்று கேட்டேன்.

“அட்ரஸ் இருந்தாச் சேரும்.”

“அந்த ஆள் அங்க இல்லன்னா?”

“அப்ப அது அட்ரஸ் இல்லம்மா. அடுத்து யாரு, வாங்க.”

எனக்குக் கோபம் இல்லை. நீந்தியாவது வருவேன் என்று எழுதியிருந்தாய். வா.

தோன்யா


(ஆரஞ்சு மரம் அச்சிட்ட அஞ்சல் அட்டை. அனுப்பியவர் முகவரி இல்லை.)
8 அக்டோபர் 1999

அன்பானவர்களே! பிரமாதமாக இருக்கிறேன்! இங்கே இன்னும் வெயில். வேலை செய்யும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, நிலையாக ஓரிடம் கிடைத்ததும் முகவரி எழுதுகிறேன். அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடு தோன்யா, என் பேரைச் சொல்லிக் கொடு. ரிம்மா.


கினேஷ்மா
4 நவம்பர் 1999

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம் என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டேன்.

செப்டம்பரில் அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் ஒரு கை படம் அச்சடித்திருக்கிறார்கள். விரல் நம் முகவரியைக் காட்டுகிறது. இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்று அம்மாவுக்கு நாற்பதாம் நாள்.

இருபதாம் தேதி வரை காத்திருந்தாள். பணியாரம் சுட்டேன். அன்று மாலை பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணைக் கதவுப் பக்கம் திருப்பினாள். விமானம் தாமதம் என்றேன். மறுநாளும் தாமதம் என்றேன். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி பக்கவாதம் இன்னொரு முறை வந்தது. நான் அஞ்சலகத்துக்கு ஓடி உன் விடுதிக்கு அழைப்புப் பதிவு செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். மிகவும் சந்தோஷமாக ஆங்கிலத்தில் பேசினாள். டோரீன்தான் என்று நினைத்து, “ரிம்மா! ரிம்மா! அம்மா!” என்று கத்தினேன். அஞ்சலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் நிறுத்தாமல் பேசி முடித்தாள். பிறகு ஒரு மணி அடித்தது. “அது மெஷினும்மா” என்றாள் இணைப்புப் பெண். மறுநாள் விடியற்காலையில் அம்மா போய்விட்டாள்.

நான் சொல்ல வந்தது வேறு. தரையைப் பற்றி.

அம்மாவை வெளியே கொண்டுபோய் முற்றத்தில் இரண்டு முக்காலியின் மேல் பெட்டியை வைத்தார்கள். எல்லாரும் விடைபெற நின்றார்கள். கிளாவா அத்தை வாளியோடு உள்ளே வந்தாள். போனவர் திரும்பி வராமலிருக்க, கட்டிலிலிருந்து வாசல்வரை கழுவித் தள்ள வேண்டுமே. அம்மா போன வழியும் நீ வர வேண்டிய வழியும் ஒன்றுதான் அக்கா. நம் வீட்டில் வேறு வழி இல்லை.

நான் போய் வாசலுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். உன் ஷூத் தடம் இருந்த பலகையின் மேல்.

“எந்திரிடி. பொணம் வாசல்ல இருக்கு. உங்கம்மா பக்கத்துல போய் நில்லு.”

“கழுவாதீங்க அத்தை. அக்கா இன்னும் வரல.”

“கழுவலன்னா இந்த வீட்லேர்ந்து இன்னொண்ணு போகும். அது நீதான். வேற யாரு இருக்கா இங்க?”

“அக்கா வரணும்.”

“அவ எங்கடி வர்றா! அவதான் எழுதிட்டாளே!” என்று சொல்லிவிட்டு அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மண்டிபோட்டுக் கழுவத் தொடங்கினாள். நான் எழுந்திருக்கவில்லை. என்னைச் சுற்றிக் கழுவினாள். என் பாவாடை ஓரம் நனைந்தது. “உங்கம்மா மாதிரியே. அச்சு அசல் உங்கம்மா” என்று திட்டிக்கொண்டே கழுவினாள், அழுதுகொண்டே கழுவினாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. முற்றத்தில் அம்மா பக்கத்தில் எல்லாரும் நின்றார்கள், நான் மட்டும் நிற்கவில்லை. அம்மா புரிந்துகொண்டிருப்பாள்.

நீ முத்தம் கொடுக்கச் சொன்ன அட்டை அதற்குப் பிறகுதான் வந்தது. அதைக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். உன் பேரைச் சொன்னேன்.

இப்போது வீடு முழுவதும் சுத்தமாக இருக்கிறது. வாசலுக்கு உள்ளே ஓர் இடம் மட்டும் கழுவாமல் இருக்கிறது, நான் உட்கார்ந்திருந்த அளவுக்கு. சேறு காய்ந்து உதிரத் தொடங்கிவிட்டது. அதன்மேல் யாரும் மிதிக்காமல் சுற்றிப் போகிறேன். கிளாவா அத்தையும் இப்போது எதுவும் சொல்லாமல் சுற்றித்தான் வருகிறாள்.

பெரிய இடமில்லை அக்கா. இரண்டு கால் வைக்கலாம்.

உன் தோன்யா